அதிர்ந்து பேசாத அக்கா

அக்கா இறந்ததும் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க." யார் வீட்டில் யார் போனாலும் சொல்லத் தோதாக எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் வாக்கியம் அது. சொன்னவர்களில் ஒருவர் அவளுடைய அடுத்த வீட்டுக்காரர். அக்கா தன் சமையலறையில் நின்று போனில் பேசினால், அவர் தன் வீட்டு டிவியை நிறுத்திவிட்டு எங்கள் குடும்பச் செய்திகளைக் கேட்பார். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கற இடமே தெரியாம இருந்தாங்க தம்பி" என்கிறார். எனக்கு வந்த அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது.

என் அக்கா அதிர்ந்து பேசினாள். அவள் பேசியபோதெல்லாம் பக்கத்தில் ஏதாவது ஒன்று அதிர்ந்தது. அவளை அமைதியின் வடிவமாக்கி அனுப்பிவைக்க எனக்குச் சம்மதமில்லை. அவள் வாழ்க்கையில் அமைதியாக இருந்தது ஒரே ஒரு நாள். அந்த நாளால் வந்த வினையை நான் கூட இருந்து பார்த்தேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அக்கா துணி மில்லில் தறிக்கூடத்து வேலைக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை அதே கூடம்தான். ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போய் நான் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாகத் தறிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலையில் அடித்தன. சத்தம் காதில் நுழையவில்லை, பல்லில் நுழைந்தது. அதற்குள்ளே பெண்கள் சாவகாசமாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வாயசைவும் கைச்சைகையும்தான் அங்கே பேச்சு. கன்னத்தில் விரலை இழுத்தால் மேற்பார்வையாளர் வருகிறார். அவருடைய கன்னத்தில் ஒரு தழும்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தறிகள் நின்றுவிடும், அக்காவின் குரல் நிற்காது. வருஷம் ஆக ஆகக் காதும் மங்கியது. டாக்டரிடம் போகலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் குரல் இல்ல" என்பாள்.

எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பாதி விஷயத்தைப் பிடித்துவிடுவாள். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், அதாவது என் அத்தான், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருட்டறையில் உட்கார்ந்து, ஜனங்களின் கண்ணில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று வாழ்நாளெல்லாம் கேட்டவர். அந்த அறையில் சத்தம் போட்டுப் பேசத் தேவையில்லை. வீட்டிலும் அதே குரல்தான். போதாததற்கு மேலுதட்டை முழுசாக மூடிய ஒரு மீசை. அவர் என்ன பேசினாலும் வெளியே தெரிவது மீசை ஆடுவது மட்டும்தான். அக்காவுக்குக் காதும் உதவாமல், கண்ணும் உதவாமல், கல்யாண வாழ்க்கை முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஒரே சண்டை, "என்ன சொன்னீங்க?" "ஒண்ணும் சொல்லல" என்பதுதான்.

கடைக்கு ஒருமுறை பைனாகுலர்கள் வந்தன. சரிபார்க்கிறேன் என்று மாடியில் நின்று எதிரே கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தியைப் பார்த்தார். அதோடு ஆள் பறவைகள் பின்னால் போய்விட்டார். குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்துச் சதுப்பு நிலச் சரணாலயத்துக்குத் தனியாகக் கிளம்பிவிடுவார். அக்கா வேலையில் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஞாயிறு என்றால் துவைப்பதற்கும் தூங்குவதற்குமே போதவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் ஞாயிறாகிவிட்டது. நிஜமான ஞாயிற்றுக்கிழமையிலும் பேச ஆளில்லாமல் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் அறிவித்துவிட்டாள்: "இந்த வாரம் நானும் வரேன்."

அத்தானின் மீசை ஆடியது.

"என்னடா சொல்றார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அங்க சத்தம் போடக் கூடாதாம்."

"நான் எப்படா சத்தம் போட்டேன்?" என்றாள். அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள்.

அன்றைக்கே பேச்சுவார்த்தை நடந்தது. நான்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஒப்பந்தம் ஆனது இப்படி. சரணாலயத்து கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து, திரும்பி அந்த கேட்டைத் தாண்டும்வரை அக்கா வாயால் சத்தம் எழுப்பக் கூடாது. அப்படி இருந்துவிட்டால் இனி ஒவ்வொரு ஞாயிறும் அவளையும் கூட்டிப்போவார். இல்லாவிட்டால் அவள் வீட்டோடு, இவர் பறவையோடு. பஸ்ஸில் போனால் அக்காவுக்குக் குமட்டும், ஸ்கூட்டரில் அவளும், அவர் பின்னால் வாங்கிய முக்காலி வைத்த பெரிய தொலைநோக்கியும் ஒன்றாக ஏற முடியாது என்பதால் வண்டி ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. என் கார் பழசு. கிளப்பினால் முதலில் இருமும், அப்புறம் காறும், அப்புறம்தான் ஓடும்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். வழியெல்லாம், உள்ளே பேச முடியாததையெல்லாம் அக்கா முன்கூட்டியே பேசித் தீர்த்தாள். கேட்டில் இறங்கியபோது எனக்கு இடது காது அடைத்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம்.

கேட்டில் ஒரு காவலாளி, ஒரு மேஜை, ஒரு பலகை. அக்கா பலகைக்கு முன்னால் நின்று, "அமைதி காக்கவும்" என்று உரக்கப் படித்தாள்.

காவலாளி அத்தானைப் பார்த்தார். "சார், இன்னிக்குத் துணையோட வந்திருக்கீங்க போல."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் உள்ள போகல. கணக்குல வராது" என்று என்னிடம் முனகினார். அந்த மனிதரின் நியாய உணர்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அனுமதிச் சீட்டு வாங்கி, வண்டியை உள்ளே கொண்டுபோய்க் கரைக்குக் கீழே நிறுத்திவிட்டு, கரை மேல் நடந்தோம். ஒரு பக்கம் உப்பு வாடையோடு சேறும் தண்ணீரும். இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு நாணல். அக்காவின் செருப்பு சளக் சளக்கென்றது. தோள்பையில் அவள் பிஸ்கட், பழம், மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நடக்கும்போது அந்தப் பை காய்ந்த சருகுக்குள் பெருச்சாளி ஓடுவது போலச் சத்தமிட்டது. அத்தான் ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தார். ஆனால் ஒப்பந்தம் வாயைப் பற்றி மட்டும்தான். பையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முதல் பலகைக் குடிலில் ஒரு பல் டாக்டர் பீரங்கி மாதிரி ஒரு கேமராவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தானுக்குத் தெரிந்தவர். குடிலின் சுவரில் நீளவாக்கில் திறப்புகள். அது வழியாகப் பார்த்தால் தண்ணீர் தெரியாதபடி வாத்துகள். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பலும் பழுப்புமாக மிதந்துகொண்டிருந்தன. அவ்வளவு பேரும் அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் ரகசியமாகத்தான் கேட்டாள். ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்ட குரலில்.

"என்னங்க, இதெல்லாம் வாத்துதானே?"

அத்தனையும் கிளம்பின. ஏரியே எழுந்து போவது போல இருந்தது. சிறகடிப்புச் சத்தம் அடங்கியபின் காலியான தண்ணீரில் இரண்டு இறகுகள் மிதந்தன. பல் டாக்டர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். பாதி வேலையில் வாயை மூடிக்கொண்ட நோயாளியைப் பார்ப்பது போல அக்காவைப் பார்த்தார்.

"வாத்துதாம்மா" என்றார். "இருந்துச்சு."

அத்தான் அவளை வெளியே கூட்டிப்போய் ஏதோ சொன்னார். மீசை வழக்கத்தைவிட வேகமாக ஆடியது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"இதான் கடைசியாம். இது ஒண்ண மன்னிச்சு விடறாராம். இன்னொரு வார்த்தை வந்தா அடுத்த வாரம் வீடுதானாம்" என்றேன்.

அக்கா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். கையால் பூட்டுப் போட்டு, சாவியை நாணலுக்குள் வீசுவது போலக் காட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய தொல்லை. பேசுகிற அக்காவை எனக்குப் பழக்கம். பேசாத அக்காவை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முகம் பேசியது, புருவம் பேசியது, மூச்சு பேசியது. ஒரு நாரை மீனை விழுங்கியபோது அவள் என் தொடையைக் கிள்ளியதில் நான்தான் கத்தியிருப்பேன். தும்மல் வந்தபோது மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வெடித்தாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. காலில் முள் குத்தியது, வாயைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு மனுஷி இவ்வளவு படவேண்டுமா என்று எனக்கு அத்தான் மேல் கோபமாக வந்தது. அடுத்த நிமிஷமே அவள் பை சருகுச் சத்தம் போட்டது. அவள் மேல் கோபம் வந்தது.

மத்தியானம் நாணல் காட்டை ஒட்டிய இரண்டாவது குடிலுக்கு வந்தோம். கரைக்குக் கீழே, நடந்தால் எட்டும் தூரத்தில் என் வண்டி நின்றது. வேறு யாரும் இல்லை. அத்தான் முன்பக்கத்துப் பெரிய திறப்புக்கு எதிரே தொலைநோக்கியை நிறுத்தினார். அக்காவுக்குப் பின்பக்கத்துச் சின்னத் திறப்பு. வகுப்பில் பேசிய பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பது போல, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வைக்கப்பட்டாள்.

அத்தான் என்னிடம் மெல்லச் சொன்னார்: "நான் எதுக்கு இங்க வாராவாரம் வரேன்னு நினைக்கிற மாப்ள? குருகுன்னு ஒரு பறவை. நாணலுக்குள்ளதான் இருக்கும். ஆள் வர்ற சத்தம் கேட்டா பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை வானத்தைப் பாத்து வச்சுக்கிட்டு அப்படியே நின்னுடும். அதுவும் ஒரு நாணல் மாதிரியே. காத்தடிச்சு நாணல் ஆடுனா அதுவும் கூட ஆடும். அண்ணாந்தபடியே கண்ணு மட்டும் கீழ நம்மளப் பாக்கும். எல்லாரும் பாத்துட்டாங்க. அந்தப் பல் டாக்டர் கூடப் பாத்துட்டான். எனக்கு மட்டும் ஒரு தடவையும் அமையல."

ஊருக்கெல்லாம் கண் சரிபார்க்கிறவருக்கு இந்தக் கதியா என்று நினைத்தேன். அவர் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தார். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

பை சருகுச் சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மணிக்கட்டைத் திருகிக் காட்டினாள். கையை இறக்கித் திறப்பு வழியே ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் உயர்த்தித் திருகினாள்.

அத்தானும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பாத்தியா மாப்ள? சாவியத் திருகுங்கறா. வண்டிய எடுக்கணுமாம். ஒரு முழு நாள் தாங்கல உங்க அக்காவுக்கு."

அக்கா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். திருகலின் வேகம் கூடியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, கை பம்பரம் போலச் சுழன்றது.

"சரி சரி, எடுக்கச் சொல்றேன். அதுக்கு ஏன் இப்படிக் கோவம்?" என்று அத்தான் தொலைநோக்கியை மடக்க ஆரம்பித்தார். "நீ போய் ஸ்டார்ட் பண்ணு மாப்ள. பாத்ரூம் அவசரமோ என்னமோ."

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. இறங்கிப் போய்ச் சாவியைத் திருகினேன். வண்டி இருமியது, காறியது, உறுமியது. குடிலின் வாசலில் அக்கா வந்து நின்றாள். இரண்டு கையாலும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

வண்டியில் ஏறியும் திறக்கவில்லை. அத்தான், "இப்ப பேசலாம், பரவாயில்ல" என்று முன் சீட்டிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். அவளுக்கு அது எப்படிக் கேட்கும்? கரையோடு மெல்ல வந்து, பலகையைத் தாண்டி, கேட்டைத் தாண்டினோம். பின் சக்கரமும் தாண்டியதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"நிறுத்துடா வண்டிய."

ஸ்டியரிங் அதிர்ந்தது. நிறுத்தினேன்.

"எதுக்குங்க கிளம்பினீங்க? நீங்க மனுஷனா? எதுக்குக் கிளம்பினீங்க?"

"நீதானே வண்டிய எடுன்னு..." என்று திரும்பினார் அத்தான்.

"நானா? நிறுத்துன்னு சொன்னேன். இழை அறுந்துடுச்சு, நிறுத்து, ஓடி வான்னு சொன்னேன். தறிய நிறுத்தற பிடிய எப்படித் திருகுவாங்க? இப்படித்தான திருகுவாங்க? எங்க கூடத்துல இது தெரியாத ஆள் கிடையாது."

"இது மில்லாடி?"

"வேற எப்படிச் சொல்றது? வாயத் திறக்காதேன்னீங்க, திறக்கல. கையால சொன்னேன், உங்களுக்குப் புரியல. நீங்க வாயால சொன்னா எனக்குப் புரியல. மீசைதான் ஆடுது. அங்க ஒரு பறவை நின்னுச்சுங்க. என் மூக்குக்கு நேரா நின்னுச்சு."

அத்தான் சலித்துக்கொண்டார். "மடையானா இருக்கும். எல்லாப் பக்கமும் நிக்கும்."

"என்னடா சொல்றார்?"

"மடையானாம்."

"யாரு?"

"பறவைக்கா. மடையான்னு ஒரு பறவை."

"மடையானோ எவனோ. இப்படி நின்னான்." அக்கா பின் சீட்டில் நிமிர்ந்தாள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். கழுத்தை நீட்டி மோவாயை வண்டிக் கூரையை நோக்கித் தூக்கினாள். அண்ணாந்தபடியே, கண்ணை மட்டும் கீழே இறக்கி அத்தானை முறைத்தாள். பிறகு மெல்ல, இப்படியும் அப்படியும், காற்றில் ஆடுவது போல ஆடினாள்.

கேட்டிலிருந்து காவலாளி எழுந்து நின்று எங்கள் வண்டியைப் பார்த்தார்.

அத்தானின் கை கதவுப் பிடிக்குப் போனது. அவர் குருகைப் பற்றி என்னிடம் சொன்னது அவள் முதுகுக்குப் பின்னால். அதுவும் அந்தக் குரலில். அவள் கேட்டிருக்க வழியில்லை. பார்த்திருந்தால்தான் உண்டு. கதவைத் திறந்து இறங்கி, ஏறக்குறைய ஓடினார். காவலாளி கையை விரித்தது தெரிந்தது. வெளியே வந்துவிட்டால் அன்றைய அனுமதி முடிந்தது. வழக்கமாக வருகிறவர் என்றாலும் சட்டம் சட்டம்தான். அத்தான் அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்று நாணல் காட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"நான் கேட்டுக்குள்ள பேசல" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வாத்து சமாச்சாரத்த நீங்களே மன்னிச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?"

அத்தான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் என் தலையெழுத்து" என்றார்.

"என்னடா சொல்றார்?"

"கூட்டிட்டுப் போறாராம்" என்றேன்.

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்து, "அந்தக் கைய இன்னொரு தடவை காட்டு" என்றார். அவள், "என்ன?" என்றாள். "அந்தக் கை, கை" என்று அவரே உயர்த்தித் திருகினார். தப்பாகத் திருகுகிறார் என்று அவள் திட்ட ஆரம்பித்தாள். வீடுவரைக்கும் இழை அறுந்தது, தறி நாடா சிக்கியது, தண்ணீர் வேண்டும், ஆள் வருகிறான் என்று வகுப்பு நடந்தது. அன்றைக்கு இரண்டு காதும் அடைத்துப்போய் நான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டியோடு போய் நின்றபோது, அத்தான் குளியலறையிலிருந்து மீசை இல்லாமல் வெளியே வந்தார். மேலுதடு பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. அக்கா கையில் பிளாஸ்க்கோடு அப்படியே நின்றாள்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டாள். அடுத்த வீட்டில் டிவி நின்றது.

"இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்றார் அத்தான்.

அவள் உதட்டைப் பார்த்துப் படித்தாள். "இதுதான்" என்றாள்.

அதற்கப்புறம் குளிர்காலத்து ஞாயிறெல்லாம் அவர்கள் இரண்டு பேரும்தான். பல் டாக்டர் வேறு குடிலுக்கு மாறிக்கொண்டார். அக்கா சில நாள் மறந்து பேசிவிடுவாள், வாத்துகள் கிளம்பிவிடும், அத்தான் வாயைப் பெரிதாக அசைத்துத் திட்டுவார். அதையும் படித்துவிட்டு அவள் பதில் திட்டுவாள். குருகை அத்தான் பார்த்தாரா என்றால், பார்த்தார். மூன்றாவது குளிர்காலத்தில், அக்காவின் கை உயர்ந்து திருகியதைப் பார்த்து, தவழ்ந்து போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் நினைச்சத விடச் சின்னதா இருக்கு" என்று உதட்டை அசைத்தாராம். கண்டுபிடித்துக் கொடுத்தவளிடம் சொல்கிற பேச்சா அது என்று அக்கா என்னிடம் ஒரு மாதம் புலம்பினாள்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். நேற்று அத்தானைப் பார்க்கப் போயிருந்தேன். மேலுதட்டில் நரைமுடி முள்முள்ளாக வளர்ந்து, உதட்டின் ஓரத்தை மறைக்க ஆரம்பித்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன அத்தான் இது, எடுத்துடுங்க" என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல" என்றார்.